நாலு தறி ஓடின ரூமும் ஒரு சந்தனக் கலர் சேலையும்

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க கட்டில் மேல என்ன விரிச்சிருக்குனு ஒரு தடவை பாருங்க. ஜன்னல்ல என்ன தொங்குதுனு பாருங்க. ஹாஸ்டல்ல இருக்கிறவங்கன்னா பதில் எனக்கே தெரியும். கட்டில்ல முதல் வருஷம் சேர்ந்த அன்னைக்கு அவசரத்துல வாங்கின பெட்ஷீட். ஜன்னல்ல பழைய நியூஸ் பேப்பர், இல்லைன்னா காயப்போட்டு எடுக்க மறந்த துண்டு. ரூம்ல துணி எப்படி இருந்தா என்ன, படுத்தா தூக்கம் வரப்போகுதுனு நானும் இரண்டாம் வருஷம் வரைக்கும் நினைச்சேன்.

நான் பிறந்து வளர்ந்ததே துணிக்கு நடுவுலதான். இருந்தும் அப்படி நினைச்சேன். அதுதான் வேடிக்கை.

எங்க ஊர் குமாரபாளையம். நாமக்கல் மாவட்டத்தோட மேற்கு ஓரம். பாலத்தைத் தாண்டினா காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி. வீட்டை ஒட்டியே அப்பாவோட தறிப்பட்டறை. 20 அடி நீளம், 12 அடி அகலம், உள்ளே நாலு விசைத்தறி. கூலிக்கு லுங்கி ஓட்டுவார். நாலு தறியும் ஓடினா பக்கத்துல நிக்கிறவங்க பேசறதுகூடக் காதுல விழாது. அதனால எங்க வீட்ல எல்லாருக்கும் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிஞ்சுக்கத் தெரியும். விருந்துக்கு வர்ற சொந்தக்காரங்க, "எதுக்கு இப்படிக் கத்திப் பேசறீங்க?"னு கேப்பாங்க. நாங்க கத்தறோம்னே எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், தறி வீட்ல வளராதவங்களுக்குத் தெரியாது. எந்த நூல் ஓடுதோ அந்தக் கலர்ல பஞ்சு பறக்கும். பச்சை லுங்கி ஓடுற வாரம் துளசிச் செடி மேல இன்னும் கொஞ்சம் பச்சை. நீலம் ஓடினா அம்மா தலைமுடியில நீலம். ஊதா ஓடின ஒரு வாரம் என் டிபன் பாக்ஸ் தயிர் சோத்துல ஊதா இழை கிடந்து, ஸ்கூல்ல மானமே போச்சு. எங்க வீட்டுக்கு பெயின்ட் அடிச்சு வருஷக்கணக்காச்சு. ஆனா வாரத்துக்கு ஒரு கலர் மாறிக்கிட்டே இருக்கும்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆவணி மாசம் அந்த நாலு தறியும் எடைக்குப் போச்சு. நூல் விலை, கரண்டு, பழைய கடன்னு காரணம் நிறைய. இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டுக் கதை அதுதான். ஒரு வண்டி வந்துச்சு, கழட்டினாங்க, ஏத்தினாங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. தரையில தறிக்கால் இருந்த இடத்துல எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம்.

அப்பா கட்டிலைத் தூக்கிட்டு வந்து அந்த காலி ரூம்ல போட்டுக்கிட்டார். பகல்ல படுக்கறது, ராத்திரி முழிச்சு உட்கார்ந்திருக்கறது. யார் கூப்பிட்டாலும் "ம்"தான். நான் போன் பண்ணினா, "நல்லாருக்கியா சாமி, இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்." அதோட சரி.

தீபாவளி லீவுக்குப் போனப்போதான் அந்த ரூமுக்குள்ள போனேன். "அப்பா"னு கூப்பிட்டேன். என் குரலே சுவத்துல முட்டித் திரும்பி வந்துச்சு. சிமென்ட் தரை, சிமென்ட் சுவர், மேல கான்கிரீட். ஒரு டம்ளரைக் கீழே வெச்சாகூட அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் ரூமைச் சுத்தும். வாழ்நாள் முழுக்க தறிச் சத்தத்துல இருந்த மனுஷன் இதுல எப்படி உட்கார்ந்திருக்கார்னு எனக்குப் பயமா இருந்துச்சு.

நம்மள மாதிரி ஆட்கள் என்ன செய்வோம்? கூகுள்ல தேடுவோம். நானும் தேடினேன். நீலம் மனசை அமைதிப்படுத்தும், வெளிச்சம் குறைஞ்சா நல்லாத் தூக்கம் வரும்னு பத்து இடத்துல எழுதியிருந்துச்சு. இன்டர்ன்ஷிப்ல வந்த காசுல 1,100 ரூபாய்க்கு அடர் நீலத்துல ரெண்டு பாலியஸ்டர் திரை ஆர்டர் பண்ணினேன். வெளிச்சம் துளிகூட உள்ளே வராத ரகம். மேற்குப் பக்க ஜன்னல்ல நானே ஏணி போட்டு மாட்டினேன். பெரிய சாதனை பண்ணின மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற.

அது ரொம்பத் தப்பா முடிஞ்சுது. மத்தியானம் 2 மணிக்கும் ட்யூப்லைட் போடணும். காத்து வராது. அப்பாவுக்குப் பகல் எது, ராத்திரி எதுனே தெரியாமப் போச்சு. ஏற்கனவே பகல்ல தூங்கினவர் இப்போ முழுப் பகலும் படுத்தார். அம்மா போன்ல, "ரூமுக்குள்ள போகவே புடிக்கல கண்ணு"னு மட்டும் சொன்னாங்க. திரையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மக ஆசையா வாங்கி மாட்டினதுங்கற மரியாதை.

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்றேன். கலரை நம்பி ஏமாந்தது நான் மட்டும் இல்ல. 1979-ல அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில ஒரு அறைக்கு ஒருவித பிங்க் பெயின்ட் அடிச்சாங்க. அலெக்சாண்டர் ஷாஸ்ங்கறவரோட யோசனை. அந்தக் கலரைப் பார்த்தாலே கைதிகளோட முரட்டுத்தனம் குறையுதுனு சொன்னாங்க. அந்தச் சிறையோட ரெண்டு அதிகாரிங்க பேரையே வெச்சு அதுக்கு 'பேக்கர் மில்லர் பிங்க்'னு பேரும் வந்துச்சு. வேற பல சிறைகளும் அதையே அடிச்சுச்சு. பின்னாடி கவனமா சோதிச்சுப் பார்த்தவங்களுக்கு அந்த விளைவு கிடைக்கல. ஒரு கலர் எல்லா ஊர்லயும், எல்லா ஆளுக்கும் ஒரே வேலை செய்யும்னு சொல்ல முடியாது. எங்கப்பாவுக்கு நீலம்னா அது நீல லுங்கி ஓடின வாரம். கூலி வந்த வாரம். அந்தக் கலரையே இருட்டாக்கி அவர் முன்னாடி தொங்கவிட்டிருக்கேன். இது எனக்கு உறைச்சது ரொம்ப நாள் கழிச்சு.

அடுத்து பொங்கல் வந்துச்சு. எங்க பக்கம் காப்புக் கட்டுற நாளுக்கு முன்னாடி வீட்டை முழுசாக் கழுவி ஒதுக்குவாங்க. நானும் வந்திருந்தேன். அம்மா ஏணியைப் போட்டு நேரா அந்த ரூமுக்குப் போனாங்க. "கோவிச்சுக்காத கண்ணு. இது எழவு ஊடாட்ட இருக்குது"னு சொல்லிட்டு நீலத் திரையைக் கழட்டிட்டாங்க. நான் ஒண்ணும் பேசல.

அதுக்குப் பதிலா அவங்க எடுத்தது ஒரு பழைய காட்டன் சேலை. சந்தனக் கலர். நூறு தடவை துவைச்சு, கஞ்சியெல்லாம் போய், மெல்லிசா, கைக்குப் பூ மாதிரி இருக்கும். நான் கைக்குழந்தையா இருந்தப்போ எனக்குத் தூளி கட்டினது அந்தச் சேலையிலதானாம். அதை ரெண்டா மடிச்சு ஜன்னல்ல கட்டினாங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேற்கு வெயில் அது வழியா வந்துச்சு பாருங்க, ரூம் மொத்தமும் மஞ்சள் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி ஆயிடுச்சு. சாம்பல் கலர் சுவர்கூட. பெயின்ட்டுக்கு ஒரு பைசா செலவு இல்ல. மெல்லிசான கலர் துணி வெயிலை மறைக்காது; வடிகட்டி, தன் கலரைக் கொஞ்சம் சேர்த்து உள்ளே அனுப்பும். கெட்டியான துணி, கலர் எதுவானாலும், இருட்டைத்தான் குடுக்கும். இந்த ஒண்ணு தெரிஞ்சிருந்தா எனக்கு 1,100 ரூபாய் மிச்சம்.

அப்புறம் பரண்மேல இருந்து ஒரு பெரிய சுருட்டை இறக்கினாங்க. அந்துருண்டை வாசம் தெரு வரைக்கும் போச்சு. பவானி ஜமக்காளம். அம்மா கல்யாணத்துக்கு எங்க அம்மாயி சீரோட குடுத்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையா. அதைத் தரையில விரிச்சாங்க. எண்ணெய்க் கறை எல்லாம் அதுக்கடியில போயிடுச்சு. கட்டில்ல கிடந்த பிளாஸ்டிக் பாயை எடுத்துட்டு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டாங்க. மொத்தமே அரை மணி நேர வேலை.

அப்பா வெளியே திண்ணையில உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்தவர் அப்படியே நின்னார். செருப்பைக் கழட்டினார். குனிஞ்சு ஜமக்காளத்தோட ஓரத்தைப் புடிச்சு விரலால தடவிக்கிட்டே போனார். அப்புறம் கீழேயே உட்கார்ந்துட்டார்.

"இங்க வா சாமி."

போனேன்.

"இந்த எடத்தத் தொட்டுப் பாரு. இதுக்கு முன்னால ஊடை நெருக்கமா இருக்குது. இங்கிருந்து கொஞ்சம் தளந்து போவுது. தெரியுதா? நெஞ்சவன் இங்க எந்திரிச்சுப் போயிருக்கறான். சோத்துக்குப் போயிருப்பான். வந்து உக்காந்தவனுக்குக் கை கொஞ்சம் தளந்துபோச்சு."

நாலஞ்சு மாசத்துல அப்பா என்கிட்ட சேர்ந்தாப்புல பேசின முதல் பேச்சு அதுதான். அம்மா வாசப்படியில விளக்குமாத்தோட நின்னு கேட்டுட்டிருந்தாங்க.

கைத்தறியில ஊடையை அடிச்சு நெருக்கறது மனுஷக் கை. அதனால கை களைச்சது, நின்னது, மறுபடி ஆரம்பிச்சது எல்லாம் துணியில பதிஞ்சிருக்கும். படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கலாம். எனக்கு அது கரடுமுரடான விரிப்பு. அவருக்கு அது பேசுற துணி. அன்னைக்குத்தான் பவானி ஜமக்காளத்தோட கதையையும் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில இங்கிலாந்து மில் துணி வந்து குவிஞ்சப்போ, பவானியில இருந்த ஜங்கமர்ங்கற நெசவாளர் சமூகம் பிழைக்கறதுக்காகக் கனமான கலர் நூலை வெச்சு நெய்ய ஆரம்பிச்சதுதான் இது. 1985-ல மத்திய அரசு போட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துல, கைத்தறியில மட்டுமே நெய்யணும்னு இருக்கற பட்டியல்ல ஜமக்காளமும் உண்டு. "நம்ம தறியில இதை ஓட்டக்கூடாது, தெரியுமா?"னு சொல்லிச் சிரிச்சார். 'நம்ம தறி'னு சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசல.

ஆனா நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுக்கப்புறம்தான் நடந்துச்சு.

பொங்கலன்னைக்கு எதிர்வீட்டு மாமா வந்தார். அதுவரைக்கும் வந்தாலும் வாசல்லயே நின்னு, "அண்ணன் எப்படி இருக்கறாரு?"னு கேட்டுட்டுப் போயிடுவார். அந்த ரூம்ல உட்கார இடம் ஏது? கட்டில்ல அப்பா, ஒரு பிளாஸ்டிக் சேர், அவ்வளவுதான். அன்னைக்கு ஜமக்காளம் விரிச்சிருக்கறதைப் பார்த்ததும் செருப்பை விட்டுட்டு நேரா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்க ஊர்ல ஜமக்காளம் விரிச்சிருந்தா அர்த்தம் ஒண்ணுதான்: வாங்க, உட்காருங்க. கல்யாணம், காதுகுத்து, பஞ்சாயத்து எல்லாத்துக்கும் அதுதான். பின்னாடியே அப்பாவோட பழைய கூட்டாளிங்க நாலு பேர். அம்மா டீ போட்டு மாளல. யாரோ பாவு பிணைக்கறதைப் பத்தி ஆரம்பிக்க, அப்பா மறுத்துப் பேச, சண்டை மாதிரி ஒரு சத்தம். நான் சமையல்கட்டுல இருந்து கேட்டுட்டிருந்தேன். தறி ஓடற மாதிரியே இருந்துச்சு.

நான் சிவில் ஸ்டூடன்ட். லீவு முடிஞ்சு வந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம சிலபஸ்லயே இருக்கு, சபைன் ஃபார்முலா. அது எப்படி வந்துச்சுனு தெரியுமா? 1895-ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஃபாக் ஹால்னு ஒரு லெக்சர் ஹால். பேசினா ஒரு சொல்லோட சத்தம் அஞ்சு விநாடிக்கு மேல சுத்தும், ஒண்ணும் புரியாது. வாலஸ் சபைன்னு ஒரு இளம் ஆசிரியர்கிட்ட சரிபண்ணச் சொன்னாங்க. அவர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்து சீட் மெத்தைகளை ராத்திரியில தூக்கிட்டு வந்து அடுக்குவார். ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கற நேரத்தை அளப்பார். விடியறதுக்குள்ள மெத்தைகளைத் திருப்பிக் கொண்டு போய் வெச்சிடுவார். அதுல இருந்து வந்ததுதான்: எதிரொலி நேரம் = 0.161 × அறையோட கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்.

எங்க பட்டறை சுமார் 68 கன மீட்டர். வெறும் சிமென்ட்டா இருந்தப்போ என் கணக்குல எதிரொலி 3 விநாடிக்கு மேல வருது. சேலை, ஜமக்காளம், மெத்தை மூணையும் சேர்த்தா சுமார் 2 விநாடி. அதோட ஆறு பேர் உட்கார்ந்தா சுமார் 1.4. தோராயக் கணக்குதான், வகுப்புல குடுக்கற மதிப்பை வெச்சுப் போட்டது. ஆனா அதுல ஒண்ணு தெரிஞ்சுது. மூணு துணியும் சேர்ந்து உறிஞ்சற சத்தத்தைவிட ஆறு மனுஷங்க உறிஞ்சறது அதிகம். மனுஷன்தான் அந்த ரூமுக்கு நல்ல மெத்தை. துணி செஞ்ச வேலை, அந்த மனுஷங்களை உள்ளே கூட்டிட்டு வந்து உட்கார வெச்சது.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். கலரும் துணியும் நேரா மனசுக்குள்ள போய் ஸ்விட்ச் போடறதில்ல. ஒரு இடத்துல நாம எப்படி இருக்கோம், எவ்வளவு நேரம் இருக்கோம், யாரோட இருக்கோம்ங்கறதை அது மாத்துது. மனசு அதுக்குப் பின்னாடி வருது.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிடறேன். ஜமக்காளம் விரிச்சதால அப்பா சரியாகிட்டார்னு எழுதினா அது பொய். மாசியில அம்மா அவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரை இருக்கு, இப்பவும் சாப்பிடறார். கூட்டாளிங்கள்ல ஒருத்தர்தான் "நானும் போனேன், வாங்கண்ணா"னு கூட்டிட்டுப் போக உதவினவர். அந்தப் பேச்சு நடந்ததும் அதே ஜமக்காளத்துலதான். துணி டாக்டர் இல்ல. ஆனா டாக்டர்கிட்டப் போற வழியில உட்கார்ந்து பேச ஒரு இடம் வேணுமே. இப்போ அப்பா மத்தவங்க பட்டறைக்குத் தறி ரிப்பேர் பார்க்கப் போறார். கடன் இன்னும் இருக்கு.

சரி, உங்க ரூமுக்கு வருவோம். நம்ம காலேஜைச் சுத்தி என்னென்ன இருக்குனு யோசிச்சுப் பாருங்க. சேலத்துல அம்மாபேட்டை, குகைப் பக்கம் பட்டு. இளம்பிள்ளையில சேலை. ராசிபுரத்துல பட்டு. ஈரோட்டுப் பக்கம் சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம். சேலம் வெண்பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடே இருக்கு. இதையே தொழில்நுட்பமாப் படிக்க சேலத்துல 1960-ல இருந்து கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நடக்குது. இவ்வளவுக்கும் நடுவுல நாம வழுவழுன்னு பாலியஸ்டர்ல படுத்து வியர்த்துட்டிருக்கோம். பருத்தி நூல் காத்துல இருந்து தன் எடையில 8.5 சதவீதம் வரைக்கும் ஈரத்தை வாங்கி வெச்சுக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஏப்ரல் மாசம் கரண்டு போன ராத்திரியில அந்த வித்தியாசம் உங்க முதுகுக்குத் தெரியும்.

உடனே கடைக்குப் போய் எல்லாத்தையும் மாத்துங்கன்னு சொல்லல. எங்க ஊர்ல சாயத்தண்ணி காவிரியில கலந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு புதுக் கலருக்கும் எங்கேயோ ஒரு சாக்கடை கலர் மாறுது. அதனால முதல்ல வீட்ல இருக்கறதைத் தேடுங்க. பரணை, பீரோவோட கீழ்த்தட்டைப் பாருங்க. அம்மாவோ அப்பத்தாவோ கட்டிப் பழசான ஒரு காட்டன் சேலை, வெளிர் கலர்ல. கேட்டா சந்தோஷமாக் குடுப்பாங்க. ஜன்னலுக்கு அது போதும். கனமான துணி தரைக்கு. எதிரொலி குறையும், நாலு பேர் உட்காரலாம். உடம்புல படற துணி பருத்தியா இருக்கட்டும். கலர் எதுனு கூகுளைக் கேக்காதீங்க. எந்தக் கலரைப் பார்த்தா உங்களுக்கு யார் ஞாபகம் வருதுனு உங்களையே கேளுங்க.

நான் அந்த சந்தனக் கலர் சேலையில பாதியைக் கிழிச்சு வாங்கிட்டு வந்தேன். அம்மா முதல்ல தயங்கினாங்க, அப்புறம் அவங்களே கத்தரிக்கோல் எடுத்தாங்க. இப்போ எங்க ஹாஸ்டல் ஜன்னல்ல அதுதான். தரையில ஒரு பழைய சென்னிமலை போர்வை. சாயங்காலம் 4 மணியானா பக்கத்து ரூம்காரிங்க சொல்லாமக் கொள்ளாம வந்து உட்கார்ந்துடறாங்க. அரியர் பேப்பர் கவலையெல்லாம் அங்கேதான் பேசறோம். எங்க மாடியில ஒருத்தி, மூணு மாசமா யார்கிட்டயும் சரியாப் பேசாதவ, போன வாரம் வந்து ஓரமா உட்கார்ந்தா. ஒண்ணும் சொல்லல. நாங்களும் கேக்கல. டீ வாங்கிக் குடுத்தோம்.

அப்பா இப்போ போன் பண்ணினா உடனே அம்மாகிட்டக் குடுக்கறதில்ல. நேத்துக் கேட்டார்:

"ஜன்னல் சேலையத் துவைச்சியா?"

"இல்லீங்கப்பா."

"துவை சாமி. முறுக்கிப் புழியாத, எழை போயிரும். நெழல்ல காயப்போடு."

இந்த ஞாயிற்றுக்கிழமை துவைக்கணும்.